பழைய ஊரும் மென்னகையும்: ஒரு தொடரும் அதன் பார்வையாளரும்

பாளையங்கோட்டையில் 'பாளையம்' என்ற சொல் காதில் விழுந்தால் எவரும் ஒரு கணம் திரும்பிப் பார்ப்பர். மேலப்பாளையத்தாருக்கு அது இன்னும் நெருக்கமான சொல். ஆகவே 2024 செப்டம்பர் 20 அன்று அமேசான் பிரைம் தளத்தில் 'தலைவெட்டியான் பாளையம்' என்னும் எட்டுப் பகுதித் தொடர் வெளியானபோது, திரைப்படம் பார்ப்பதில் நாட்டமில்லாத சிலரும் அதைப் பற்றி நம்மிடம் விசாரித்ததில் வியப்பில்லை. தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி அரபுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் எழுத வேண்டிய தேவை என்ன என்று வாசகர் கேட்கக்கூடும். நாம் எழுத முற்பட்டது தொடரைப் பற்றி அன்று. தொடரைப் பார்த்தவர்கள் சொன்னவற்றைப் பற்றி. ஒரு சமுதாயம் எதைக் கண்டு சிரிக்கிறது, எதை எண்ணி ஏங்குகிறது என்பது அறநூல் கற்பிப்போரின் கவனத்துக்கு உரியதே.

தொடரின் கதை எளியது. நகரத்தில் வளர்ந்த பட்டதாரி இளைஞன் ஒருவன் வேறு வேலை கிடைக்காமல் ஒரு சிற்றூரின் ஊராட்சிச் செயலராக வருகிறான். ஊரும் அவனும் ஒருவரையொருவர் மெல்லப் புரிந்துகொள்கின்றனர். இது தமிழில் முளைத்த கதை அன்று. 2020 ஏப்ரல் 3 அன்று வெளியான 'பஞ்சாயத்' என்னும் இந்தித் தொடரின் முதற்பருவமே இதற்கு மூலம். உத்தரப் பிரதேசத்தின் புலேரா என்னும் கற்பனைச் சிற்றூர் அங்கே களம். படப்பிடிப்பு நடந்ததோ மத்தியப் பிரதேசத்தின் செஹோர் மாவட்டத்தில். தமிழ்த் தொடரை இயக்கியவர் நாகா. 1990களில் 'மர்மதேசம்' தொடரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இப்பெயரே ஒரு பழைய நினைவு. அத்தொடரின் 'விடாது கருப்பு' பகுதியில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் இங்கே ஊராட்சித் தலைவியாகவும் அவர்தம் கணவராகவும் வருகின்றனர். ஆக, பார்வையாளர் பலர் இத்தொடரில் இரண்டு ஊர்களுக்குத் திரும்பினர். ஒன்று, விட்டுவந்த கிராமம். மற்றொன்று, வீட்டார் அனைவரும் ஒரே பெட்டியின் முன் அமர்ந்திருந்த அந்தப் பழைய கூடம்.

நாம் கேட்ட கருத்துகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினர் ஆறுதல் அடைந்தவர்கள். "வெட்டுக்குத்து இல்லை, ஆபாசம் இல்லை, பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க முடிந்தது" என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். நம் வீடுகளில் இது பெரும்பாராட்டு. இரண்டாம் வகையினர் மூலத்தோடு ஒப்பிட்டவர்கள். இந்தித் தொடரை ஏற்கெனவே பார்த்துவிட்ட அவர்களுக்குத் தமிழ்த் தொடர் நிழலாகத் தெரிந்தது. வட இந்தியச் சிற்றூருக்குத் தைத்த சட்டையைத் தென்னாட்டுச் சிற்றூருக்கு மாட்டியிருப்பதாக அவர்கள் குறைப்பட்டனர். மூன்றாம் வகையினர் சினந்தவர்கள். "இப்படி ஓர் ஊர் எங்கே இருக்கிறது? சாதி இல்லாத ஊரா? பகை இல்லாத ஊராட்சித் தேர்தலா?" என்று அவர்கள் கேட்டனர். இம்மூவரில் எவரையும் தள்ளிவிட நமக்கு மனமில்லை.

ஏக்கத்தின் இலக்கணம்

ஊரை எண்ணி ஏங்குவது பலவீனம் அன்று. அரபு மொழியில் இதற்கு 'ஹனீன்' என்று பெயர். குட்டியைப் பிரிந்த பெண் ஒட்டகம் எழுப்பும் ஒலிக்கும் இதுவே சொல். 'தாயகங்களை நோக்கிய ஏக்கம்' என்னும் தலைப்பில் ஒரு சிறுநூலே பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ் (மறைவு ஹிஜ்ரி 255) பெயரால் வழங்குகிறது. அதற்கும் முற்பட்ட அறியாமைக் காலக் கவிஞர்கள் தம் நெடும்பாடல்களை, காதலியின் குடும்பம் கூடாரம் பெயர்த்துச் சென்ற இடத்தில் எஞ்சிய அடுப்புக் கற்களின் முன் நின்று தொடங்கினர். இம்ரவுல் கைஸ் தம் தோழர் இருவரை அங்கே நிறுத்தி அழச் சொல்வதை மத்ரஸாவில் முஅல்லகாத் படித்தவர் எவரும் மறந்திருக்க மாட்டார்.

இம்மரபுக்கு இப்னு குதைபா (மறைவு ஹிஜ்ரி 276) தரும் விளக்கம் நம் பொருளுக்கு மிகவும் பயன்படும். இடிபாடுகளின் முன் நிற்பது கேட்போரின் உள்ளத்தை ஈர்ப்பதற்காக. அதன்பின் கவிஞர் பயணத்தின் துன்பங்களைச் சொல்ல வேண்டும். பிறகு பாடலின் நோக்கத்துக்கு வந்துசேர வேண்டும் என்கிறார் அவர். அழுகையிலேயே நின்றுவிடும் பாடல் முழுமையான கஸீதா ஆகாது. இந்த அழுகையையே எள்ளி நகையாடியவரும் உண்டு. அப்பாஸியர் காலத்து பக்தாதில் வாழ்ந்த அபூ நுவாஸ், ஒட்டகத்தையே காணாத நகரத்துக் கவிஞர்கள் பாலைவன இடிபாடுகளுக்காகக் கண்ணீர் விடுவதைக் கேலி செய்தார். ஆறுதல் அடைந்த பார்வையாளருக்கும் சினந்த பார்வையாளருக்கும் இடையே இன்று நடக்கும் வழக்கு, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் பக்தாதில் தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது.

இவ்வழக்குக்கு ஒரு தீர்ப்பு நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவின் காய்ச்சலில் அபூபக்ர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் துவண்டு கிடந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. காய்ச்சல் சற்றுத் தணியும்போதெல்லாம் பிலால் (ரலி), மக்காவின் பள்ளத்தாக்கில் இத்கிர், ஜலீல் என்னும் புற்கள் சூழ இன்னும் ஓர் இரவேனும் தங்கக் கிடைக்குமா என்று பாடுவார்கள். தம்மைச் சுடுமணலில் கிடத்தி வதைத்த ஊரின் புல்லுக்காக அவர்கள் ஏங்கினார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் அந்த ஏக்கத்தைக் கடிந்ததாக அச்செய்தியில் இல்லை. மக்காவை நேசித்தது போல், அல்லது அதைவிடக் கூடுதலாக, மதீனாவையும் எங்களுக்கு நேசத்துக்குரியதாக ஆக்குவாயாக என்று அல்லாஹ்விடம் வேண்டினார்கள். ஏக்கம் அங்கீகரிக்கப்பட்டது, ஆயினும் அதன் முகம் வாழும் ஊரை நோக்கித் திருப்பப்பட்டது. பழைய ஊரின் மீதான காதல், இன்றைய ஊரைச் சீர்படுத்தும் அக்கறையாக மாறுகிறதா என்பதே நம் அளவுகோல்.

ஒரே மாதத்தின் இரண்டு திரைகள்

மூலத் தொடர் வெளியான நாளைச் சற்று நினைவுகூர்வோம். 2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. பத்தாம் நாள் 'பஞ்சாயத்' வெளியானது. வீடுகளுக்குள் அடைபட்டவர்களுக்கு, திறந்த வெளியும் திண்ணைப் பேச்சும் நிறைந்த அந்தச் சிற்றூர் மூச்சுவிட இடம் தந்தது. தொடருக்குக் கிடைத்த அன்பில் அக்காலத்துக்கும் பங்குண்டு.

அதே வாரங்களில் வேறொரு திரையும் ஓடிக்கொண்டிருந்தது. டில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் நடந்த தப்லீக் கூட்டத்தை முன்வைத்துச் செய்தி அலைவரிசைகள் பல, ஒரு நோயின் பழியை ஒரு சமுதாயத்தின் தலையில் சுமத்தின. நம் மேலப்பாளையம் தடுப்புகளால் மூடப்பட்டது. நோய்த்தடுப்புக்கு அது தேவையான நடவடிக்கையாக இருந்திருக்கலாம். ஆனால் மேலப்பாளையம் என்ற பெயரைச் சொல்லவே மக்கள் தயங்கிய நாட்கள் அவை. 2020 ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தப்லீக்குக்காக வந்திருந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்துசெய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டனர் என்னும் கருத்தைத் தீர்ப்பில் பதித்தது. தீர்ப்பு வந்தபோது செய்தித் திரை வேறு பொருளுக்குப் போயிருந்தது.

இரண்டு திரைகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. தொடரை எடுத்தவர்கள் செய்தி அலைவரிசைகளுக்குப் பொறுப்பாளிகள் அல்லர். எனினும் இரண்டையும் ஒரே வீட்டில் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். ஒரு திரையில் யாரையும் வெறுக்கத் தோன்றாத ஊர். மறு திரையில் அண்டை வீட்டாரையே அஞ்சச் சொல்லும் நாடு. முதல் திரையில் கிடைத்த மென்மை இரண்டாம் திரையைப் பார்க்கும் கண்ணுக்கு வந்து சேர்ந்ததா? ஆறுதல் அடைந்த பார்வையாளரிடம் நாம் கேட்க விரும்பும் கேள்வி இது. ஓர் அழகிய ஊரைக் கண்டு உருகிய உள்ளம், மூடப்பட்ட ஊரைக் கண்டும் சிறிதேனும் உருகியிருக்க வேண்டும்.

நகையும் வாய்மையும்

இனி, சினந்த பார்வையாளருக்கு வருவோம். அவருடைய வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. ஊராட்சித் தலைமை என்பது தமிழ்நாட்டில் எத்தனை குருதி சிந்திய பொருள் என்பது அவருக்குத் தெரியும். 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி முதலிய ஊர்களில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதற்காகவே 1996 முதல் பத்தாண்டுக் காலம் தேர்தல் முறையாக நடக்கவில்லை. அவ்வளவு தொலைவு போவானேன்? நம் நெல்லைக்கு அருகே தாழையூத்தில், ஊராட்சித் தலைவியாக இருந்த அருந்ததியர் பெண்மணி ஒருவர் 2011 ஜூனில் வழிமறித்து வெட்டப்பட்டார். உயிர் பிழைத்தது இறையருள். இவற்றை அறிந்தவருக்கு 'தலைவெட்டியான்' என்ற பெயரை வேடிக்கையாகச் சொல்லக் கேட்பதே கசக்கும்.

ஆயினும் நகைச்சுவைக்கும் தனக்கென ஓர் அறம் உண்டு என்பதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். நபி (ஸல்) அவர்கள் நகைச்சுவையாகப் பேசியுள்ளார்கள். ஏறிச் செல்ல வாகனம் கேட்ட ஒருவரிடம் பெண் ஒட்டகத்தின் குட்டியைத் தருவதாகச் சொன்னார்கள். குட்டியை வைத்து நான் என்ன செய்வேன் என்று அவர் திகைத்தபோது, எல்லா ஒட்டகமும் ஒரு பெண் ஒட்டகத்தின் குட்டிதானே என்று விளக்கினார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இடம்பெறும் இச்செய்தியில், சிரிப்புக்கு ஆளானவர் இழிவுபடவில்லை. சொல்லப்பட்டதில் பொய்யும் இல்லை. தாம் விளையாட்டாகப் பேசும்போதும் உண்மையையே பேசுவதாக அவர்கள் தோழர்களிடம் கூறியதும் திர்மிதியில் உண்டு. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம் என்று திருக்குர்ஆன் 49:11 விலக்கும்போது, பெண்கள் பெண்களைப் பரிகசிப்பதையும் தனித்து எடுத்துரைக்கிறது. ஆக, மென்மை, வாய்மை ஆகிய இரண்டும் நகைச்சுவைக்கு நாம் வைக்கும் நிபந்தனைகள்.

மென்மை என்னும் நிபந்தனையில் இத்தொடர் தேறுகிறது. சிற்றூர் மக்களை அறிவிலிகளாகக் காட்டி நகரத்தாரைச் சிரிக்க வைக்கும் பழக்கம் நம் திரையுலகில் நெடுநாளாக உண்டு. இங்கே நகரத்திலிருந்து வந்தவனும் சமமாகவே நகைக்கப்படுகிறான். ஜாஹிழின் 'கிதாபுல் புகலா'வில் கஞ்சர்களின் வாதத்திறமையைக் கண்டு சிரிக்கும் நாம், சற்று நேரத்தில் அவர்கள் வாதத்துக்குத் தலையசைக்கத் தொடங்கிவிடுவோம். நல்ல நகைச்சுவை சிரிப்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். 1986இல் தூர்தர்ஷனில் சங்கர் நாக் இயக்கி வெளிவந்த 'மால்குடி டேஸ்' தொடரிலும் இந்தப் பண்பைக் கண்டோம். ஆர். கே. நாராயணின் கற்பனை ஊரை அவர் கர்நாடகத்தின் ஆகும்பேயில் கண்டெடுத்தார், எல். வைத்தியநாதனின் இசை அதற்கு உயிரூட்டியது. இந்தி தெரியாத நம் தெருப் பிள்ளைகள்கூட அந்த இசை கேட்டதும் வந்து குந்திய காட்சி நம் நினைவில் நிற்கிறது.

வாய்மை என்னும் நிபந்தனையில்தான் தீர்ப்பு கடினமாகிறது. வன்முறையைக் காட்டாமல் விடுவது பொய் ஆகாது. எந்தக் கலையும் எல்லாவற்றையும் சொல்வதில்லை. ஆனால் நகைப்பதற்கென்று எடுத்துக்கொண்ட பொருளில் உண்மை இருக்க வேண்டும். இத்தொடரின் நடுப்பொருள், பெயரளவில் மனைவி தலைவியாக இருக்க, கணவர் ஊராட்சியை நடத்துவது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் உள்ளாட்சிப் பதவிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மகளிருக்கு ஒதுக்கியது. தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாக உயர்த்தியது. நாற்காலி கொடுக்கப்பட்டது, அதில் யார் உட்கார்ந்தார் என்பது வேறு கதை. மூலத் தொடரின் முதற்பருவம், குடியரசு நாளில் தலைவியே கொடியேற்ற வேண்டிய கட்டாயம் நேர்வதோடு முடிகிறது. அதுவரை சிரித்தவர்கள் அங்கே சற்றே அடங்குவார்கள். சிரிப்பின் நடுவே ஓர் உண்மை எட்டிப் பார்க்கும் இடம் அது.

ஒரு பார்வையாளரின் மௌனம்

நாம் கேட்ட கருத்துகளில் நம்மை உறங்கவிடாத ஒன்றை இங்கே பதிவு செய்கிறோம். நம் உறவினர் வீட்டில் விடுமுறை நாளொன்றில் தொடரின் சில பகுதிகளை எல்லாருமாகப் பார்த்தோம். தலைவியின் கணவர் 'தலைவர்' என்று அழைக்கப்படும் இடங்களில் கூடம் முழுவதும் சிரிப்பு. நாமும் சிரித்தோம். சிற்றன்னையின் மகள் ஒருவர் மட்டும் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாய் திறவாமல் இருந்தார். அவர் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் ஐந்தாண்டு ஊராட்சி உறுப்பினராக இருந்தவர். பிறகு கேட்டோம். "காக்கா, நீங்க எல்லாரும் சிரிச்ச இடத்துல எனக்குச் சிரிப்பு வரல. அஞ்சு வருஷமா நான் போட்டதும் வெறுங் கையெழுத்துத்தான்" என்றார். குரலில் கோபம் இல்லை. சற்று நேரம் கழித்து, "தெருவுக்குத் தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருது, அதைக் கேக்கணும்னுதான் நின்னேன். ஒரு தடவகூட அதை வாய்விட்டுச் சொல்லல" என்றும் சொன்னார்.

அவருடைய முதல் கூட்டத்துக்கான உரையை எழுதிக் கொடுத்தவர் நாம். பிஸ்மில்லாஹ்வில் தொடங்கி, மேற்கோள்கள் நிறைந்த அழகிய உரை என்று அன்று பெருமைப்பட்டோம். அதில் தண்ணீர் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் என்ன பேச விரும்புகிறார் என்று நாம் கேட்கவே இல்லை. கூட்டத்துக்கு அழைத்துச் சென்றவர் அவர் கணவர். பதிவேட்டைப் புரட்டியவர் அவர் மைத்துனர். நாம் பேனாவை மட்டும் பிடித்தோம். திரையில் கண்டு சிரித்த கணவரின் கூட்டத்தில் நமக்கும் ஓர் இடம் இருந்தது.

ஆறுதல் அடைந்தவர், ஒப்பிட்டவர், சினந்தவர் என்ற நம் மூன்று வகைக்குள் இவர் அடங்கவில்லை. அவர் திரையில் தம்மைக் கண்டவர். தொடர் அவரைப் பற்றிப் பொய் சொல்லவில்லை என்பதற்கு அவர் மௌனமே சான்று. அதே சமயம், அவருடைய ஐந்தாண்டை மற்றவர் சிரித்துக் கடந்துவிட முடிந்தது என்பதற்கும் அவர் மௌனமே சான்று. ஒரு நகைச்சுவையின் தரத்தை அளக்க, அதில் நகைக்கப்படும் நிலையில் வாழ்ந்தவர் பக்கத்தில் அமர்ந்து பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றோம்.

நம் ஊரின் கதை

கல்லூரியில் மாணவர் ஒருவர் கேட்டார்: இத்தகைய இனிய ஊர்களில் நம் பள்ளிவாசலின் மினாரா ஏன் தெரிவதில்லை? நியாயமான கேள்வி. ஆனால் மற்றவர் தம் ஊரை வரையும்போது நம்மையும் வரையட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. தறிச் சத்தம் கேட்ட மேலப்பாளையத் தெருக்களையும், பீடி சுற்றும் தாய்மாரையும், வளைகுடாவிலிருந்து வரும் கடிதத்தைப் படித்துச் சொல்ல அமர்த்தப்பட்ட பள்ளிச் சிறுவனையும் வைத்து எத்தனை மென்னகைக் கதைகள் எழுதலாம். எழுதுவதற்கு ஒரு முன்னோடியும் நம்மிடையே வாழ்ந்தார். தேங்காய்ப்பட்டணத்தில் 1944இல் பிறந்து நெல்லையில் வாழ்ந்து 2019இல் மறைந்த தோப்பில் முஹம்மது மீரான், 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் தம் ஊரைப் பெருங்காதலோடு எழுதினார். அந்த ஊரின் முதலாளியின் ஆணவத்தையும், கல்வியை ஹராம் என்ற பேதைமையையும் அதே காதலோடுதான் எழுதினார். நம்மவர் சிலர் அவர் மீது சினந்தனர். ஊரை நேசிக்கிறவன் அதன் குறையை மறைக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணினர்.

நம் 'பழைய ஊர்' ஏக்கத்திலும் நாம் விட்டுவிடுகிற முகங்கள் உண்டு. கந்தூரிச் சோற்றின் மணத்தை நினைவுகூர்கிறோம். அச்சோற்றைப் பந்தியில் கடைசியாக உண்டவர் யார் என்பதை நினைவுகூர்வதில்லை. பெண்மக்கள் கூடிப் பேசிய முற்றத்தை நினைவுகூர்கிறோம். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு அம்முற்றத்தில் அமர்ந்தவர் யார் என்று கேட்பதில்லை. பிறர் திரையில் நம்மைக் காணவில்லை என்று வருந்தும் உரிமை, நம் நினைவில் நாம் யாரைக் காணாமல் விட்டோம் என்று கேட்கும் கடமையோடு வருகிறது.

ஆகவே இத்தொடரைக் குறித்து நம் முடிவு இது. இதைக் கண்டு ஆறுதல் அடைந்தவர் குற்றம் எதுவும் செய்யவில்லை. பிலால் (ரலி) அவர்களின் புற்கள் அவருக்குத் துணை. சினந்தவர் சொல்வதைத் தொடரை எடுத்தவர்கள் காதில் வாங்க வேண்டும். அவர் இல்லையேல் ஏக்கம் வெறும் தாலாட்டாகிவிடும். ஆனால் இருவருமே இடிபாடுகளின் முன் நின்றுவிட்டால் பாடல் முடிவதில்லை. பயணம் எஞ்சியிருக்கிறது.

நம் பயணம் நீண்டதன்று. அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நம் தெருவில் ஒரு பெண்மணி நிற்கக்கூடும். அவருக்கு உரை எழுதிக் கொடுக்க நம்மை அழைப்பார்களாயின், எழுதுகோலை எடுப்பதற்கு முன் அவரிடம் சென்று, "நீங்கள் என்ன பேச விரும்புகிறீர்கள்?" என்று கேட்போம், இன்ஷா அல்லாஹ். சிற்றன்னையின் மகளிடம் இதைச் சொன்னபோது அவர் முதன்முறையாகச் சிரித்தார். "தண்ணியைப் பத்தி மறந்துடாதீங்க காக்கா" என்றார்.